முழு சார்ஜ் ஏற்றி வைத்த போன்

குழியில் பாதி மண் விழுந்திருந்தபோது தீனாவின் போன் அடித்தது. சைக்கிள் மணிச் சத்தம். அவனே தேடிப் பிடித்து வைத்துக்கொண்டது. "நானும் தபால்காரன்தானேக்கா" என்று சொல்லிச் சிரிப்பான்.

மண்வெட்டிக்காரர் கையை நிறுத்திவிட்டார். அவர்கள் குப்பத்தில் பெண்கள் இடுகாட்டு வாசலோடு நின்றுவிடுவதுதான் வழக்கம். கார்குழலி மட்டும் அன்று யார் சொல்லையும் கேட்காமல் குழி வரைக்கும் வந்திருந்தாள். அதனால் எல்லாரும் அவள் முகத்தையே பார்த்தார்கள்.

"இன்னாம்மா பண்ணட்டும்? எடுத்துடவா?" என்றார் மண்வெட்டிக்காரர்.

"வாணாண்ணா. அடிக்கட்டும். நீ தள்ளு."

மணி நின்றது. மறுபடி அடித்தது. மண் விழ விழச் சத்தம் தூரமாகப் போய்க்கொண்டே இருந்தது. கடைசியில் அது நின்றுவிட்டதா, அல்லது காதுக்கு எட்டாமல் போய்விட்டதா என்று அவளுக்குத் தெரியவில்லை.

போனைத் தம்பியின் சட்டைப்பையில் வைத்தது அவள்தான். திருவொற்றியூரில் அவர்கள் குப்பத்துப் பழக்கம் அது. இருந்தபோது கையை விட்டுப் பிரியாத பொருள் எதுவோ, அதைச் செத்தவரோடு வைத்து அனுப்பிவிட வேண்டும். இல்லாவிட்டால் அதைத் தேடிக்கொண்டு ஆள் வீட்டைச் சுற்றி வருவார் என்று சொல்வார்கள். மாரியப்பன் மாமாவோடு ஒரு சீட்டுக்கட்டு போயிற்று. எதிர்வீட்டுக் கெங்கம்மாவோடு மூக்குப்பொடி டப்பா போயிற்று. தீனாவுக்கு எதை வைப்பது என்று யாரும் யோசிக்க வேண்டியே இருக்கவில்லை.

"போன வெச்சி அனுப்புடி. இல்லாங்காட்டி புள்ள தேடிகினு கெடப்பான்" என்றாள் அம்மா தாயம்மா.

எண்ணூர் நெடுஞ்சாலையில் திரும்பிய ஒரு கன்டெய்னர் லாரியின் பின்சக்கரத்தில் அவன் பைக் மாட்டிக்கொண்டது. ஸ்டேஷனில் அவன் சாமான்களைக் கொடுத்தபோது ஹெல்மெட் இரண்டு துண்டாக இருந்தது. போனில் ஒரு கீறல்கூட இல்லை. அதுவரை கல்லாக இருந்த கார்குழலி அந்தப் போனைப் பார்த்துத்தான் உடைந்து அழுதாள். வீட்டில் ஐஸ் பெட்டிக்குள் தம்பி கிடக்க, பக்கத்து பிளக்கில் அதைச் செருகி முழு சார்ஜ் ஏற்றினாள். சார்ஜ் இறங்கிவிட்டால் அவனுக்கு எரிச்சல் வரும். திரையைப் புடவைத் தலைப்பால் துடைத்து, பையின் பொத்தானையும் போட்டுவிட்டாள்.

எதையும் அரைகுறையாகச் செய்கிற பழக்கம் அவளுக்கு இல்லை. எர்ணாவூரில் ஒரு ஏற்றுமதித் துணிக் கம்பெனியில் அவளுக்குச் செக்கிங் வேலை. தைத்து வரும் சட்டைகளை உள்ளும் புறமும் திருப்பி, நூல் தொங்குகிறதா, பொத்தான் ஆடுகிறதா என்று பார்த்து, குறை இருந்தால் திருப்பி அனுப்ப வேண்டும். லாரி காத்திருக்கிறது, இந்த ஒன்றை விட்டுவிடு என்று சூப்பர்வைசர் கெஞ்சினாலும் விடமாட்டாள். குறையுள்ள துணியை அவள் கை நல்லது என்று தள்ளியதே இல்லை. அப்பா கடலுக்குப் போய்த் திரும்பாத வருஷத்தில் பத்தாவதோடு படிப்பை நிறுத்தி வேலைக்குப் போனவள். தம்பி நிற்கக் கூடாது என்பதில் பிடிவாதமாக இருந்தாள். அவன் நிற்கவில்லை. கம்ப்யூட்டர் படித்தான். அந்தத் தெருவில் முதலில் காலேஜ் போனவன் அவன்தான்.

அவன் என்ன தொழில் செய்கிறான் என்பது குப்பத்தில் பலருக்கு விளங்கியதில்லை. "மெயில் உடுறானாம்பா" என்பார்கள், ஏதோ ரயில் விடுகிற மாதிரி. கார்குழலிக்கு நன்றாக விளங்கியிருந்தது. கேட்டால் போதும், உட்கார வைத்துச் சொல்வாள்.

"ஒரு இரும்பு யாவாரி பெரிய கம்பெனிக்கு வெலை எழுதி அனுப்பறாருன்னு வை. ஊரே வெச்சிகினு கீற ஓசி மெயில்லருந்து அனுப்பினா எவன் மதிப்பான்? கடைப் பேர்லயே மெயில் வோணும். அதுக்கு ஒரு கம்பெனியில எடம் புடிச்சிக் குடுத்து, போறது போய்ச் சேருதா, வர்றது வந்து சேருதான்னு கண்ணுல வெளக்கெண்ணெ ஊத்திகினு பாக்கறான் என் தம்பி."

சாத்தாங்காடு இரும்புச் சந்தையிலிருந்து ராயபுரத்துக் கப்பல் ஏஜென்ட் ஆபீஸ்கள் வரை அவன் அமைத்துக் கொடுத்த முகவரிகள் இருந்தன. பஸ்ஸில் போகும்போது கடைப் பலகைகளில் போன் நம்பருக்குக் கீழே எழுதியிருப்பதை அவள் தேடிப் படிப்பாள். "இது நம்ம புள்ள போட்டது" என்று பக்கத்துச் சீட்டுக்காரியிடம் சொல்லாமல் இருக்க அவளால் முடியாது.

கடைசி வருஷம் அவனுக்கு நிம்மதி இல்லை. மெயில்கள் எல்லாம் இருந்த மும்பைக் கம்பெனி சரியில்லாமல் போயிற்று.

"பொதுக் கொழாய் மாரிக்கா" என்று ஒரு நாள் சாப்பிட்டுக்கொண்டே சொன்னான். "ஒரே சர்வர்ல ஆயிரம் பேர் குடியிருக்கான். எவனோ ஒருத்தன் ஊருக்கெல்லாம் கலீஜ் மெயிலா அனுப்பிகினு கீறான். அந்த அட்ரஸ்லருந்து வர்ற அத்தினியும் குப்பைன்னு ஒதுக்கிடறாங்க. லியோனார்ட் சார் அனுப்பற கப்பல் பேப்பரும் குப்பையில போவுது. கேட்டா பதிலே இல்ல."

"அப்ப வேற வூடு பாரு."

"அதான் பாத்துகினு கீறேன். மாசக் கடைசியில கணக்கு முடியுது. அதுக்குள்ள எல்லாரையும் மாத்திடணும்."

புதுக் கம்பெனி ஒவ்வொன்றையும் அவன் சோதிக்கும் முறை ஒன்று இருந்தது. அங்கிருந்து அக்காவுக்கு ஒரு மெயில் போடுவான். அதில் ஒரே வரிதான் இருக்கும்: 'அக்கா, வந்துச்சா?' கம்பெனியில் சாப்பாட்டு நேரத்தில் அவள் போனைத் திறந்து பார்த்து, நேராக வந்திருந்தால் 'வந்துச்சு' என்று போடுவாள். குப்பையில் கிடந்தால் 'வந்துச்சு, ஆனா குப்பைல' என்று போடுவாள். அவள் சொன்னால் சரியாக இருக்கும் என்று அவனுக்குத் தெரியும். எந்த இடம் என்று முடிவு செய்வதற்குள் அந்த லாரி திரும்பிவிட்டது.

காரியம் முடிந்த மறுநாள் வாசலில் ஒரு கார் வந்து நின்றது. வெள்ளைச் சட்டையில் வயதான ஒருவர் இறங்கினார். ராயபுரம் கப்பல் ஏஜென்ட் லியோனார்ட்.

"தீனா எங்க? ஆபீஸ்லருந்து அனுப்பற மெயில் ஒண்ணும் போய்ச் சேராம எத்தனை நாளாச்சு தெரியுமா? கப்பல் வெளிய நிக்குது. இவன் பாட்டுக்குப் போனை அணைச்சு வச்சுட்டு..." பேசிக்கொண்டே வந்தவர் மாலை போட்ட படத்தைப் பார்த்தார். செருப்பைக் கழற்றி ஓரமாக விட்டார்.

"எப்ப?" என்றார் பிறகு.

கார்குழலி நாளைச் சொன்னாள்.

"அன்னிக்கு ரெண்டு தடவை அடிச்சேனேம்மா. ரிங் போச்சே."

"மத்தியானமா சார்?"

"மத்தியானம்தான்."

"அப்ப மண்ணு தள்ளிகினு இருந்தாங்க சார்."

லியோனார்ட் நெஞ்சில் சிலுவை போட்டுக்கொண்டு வாசல்படியிலேயே உட்கார்ந்துவிட்டார். தாயம்மா கொண்டுவந்து கொடுத்த தண்ணீரைக் கையில் வைத்துக்கொண்டு நெடுநேரம் இருந்தார். குடிக்கவில்லை.

அவர் போன பிறகுதான் மாசக் கடைசி என்று தம்பி சொன்னது கார்குழலிக்கு நினைவு வந்தது. மறுநாளே அரை நாள் லீவு போட்டுவிட்டு அவர் ஆபீசுக்குப் போனாள். அங்கிருந்த பையன்கள் மும்பைக் கம்பெனியின் பக்கத்தைத் திறந்து காட்டினார்கள். கணக்கைப் புதுப்பிக்கவோ, குறை சொல்லவோ, முதலில் தீனாவின் கணக்கில் நுழைய வேண்டும். நுழைய ஒரு எண் வேண்டும். அந்த எண் தீனாவின் போனுக்குள்ளேயே உண்டாகிற எண். அவன் சிம்மைப் புதிதாக வாங்கினாலும் அது வராது. நுழைய முடியவில்லை என்பதுதான் குறை, அந்தக் குறையைச் சொல்லவே உள்ளே நுழைந்தாக வேண்டும். பேசுவதற்கு ஒரு மனிதரின் நம்பர் அந்தப் பக்கத்தில் எங்கேயும் இல்லை.

போன் எங்கே என்று ஒரு பையன் கேட்டான். கார்குழலி சொன்னாள். அவன் கீபோர்டிலிருந்து கையை எடுத்துவிட்டான்.

செய்தி சாத்தாங்காட்டுக்கும் போயிற்று. "போனவன் சாவியையும் எடுத்துகினு பூட்டான். நம்மள நடுத்தெருவுல உட்டுட்டான்" என்று ஒரு இரும்புக் கடைக்காரர் சொன்னதாக அவள் காதுக்கு வந்தது. அன்று அவள் சோற்றைத் தொடவில்லை. தம்பி போனது போய்விட்டான். அவன் பேருக்குப் பின்னால் இந்தச் சொல் ஒட்டிக்கொண்டு நிற்கக் கூடாது. சாவியை எடுத்துக் கொடுத்தது அவள் கை.

அடுத்து வந்தவர் ஒவைஸ். சாத்தாங்காட்டில் இரும்புத் தகடு வியாபாரி. தீனாவை 'தோஸ்து' என்றுதான் கூப்பிடுவார். வந்தவர் பேச்சைத் தொடங்க முடியாமல் தொப்பியைக் கழற்றிக் கழற்றிப் போட்டுக்கொண்டிருந்தார்.

"தங்கச்சி, தப்பா எடுத்துக்காத. சந்தையில பேசிக்கறாங்க, நான் கேட்டுட்டுப் போறேன். அந்தப் போன் தண்ணி பூந்தாலும் ஒண்ணும் ஆவாத போன். மண்ணுக்குள்ள கெட்டிருக்காதாம். ஆபீசர்கிட்ட எழுதிக் குடுத்து, முறையா..."

"தோண்டறதா?"

அவர் தலையைக் குனிந்துகொண்டார்.

உள்ளேயிருந்து தாயம்மா எழுந்து வந்தாள். அவள் கண்ணில் சாவு விழுந்த நாளிலிருந்து இல்லாத ஒரு வெளிச்சம் இருந்தது.

"தோண்டட்டுமே" என்றாள். "போன் கெடக்குது. நான் ஒரு வாட்டி அவன் மூஞ்சியப் பாத்துக்கறேன். அன்னிக்கு அழுகையில சரியாவே பாக்கலடி."

ஒவைஸ் எழுந்து சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றார். கார்குழலி அம்மாவின் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டாள்.

"அம்மா, இப்ப அவன் மூஞ்சி அன்னிக்கி இருந்த மாரி இருக்காதும்மா."

தாயம்மா மகளை வெறித்துப் பார்த்தாள். ஒரு மீன்காரிக்கு இது தெரியாமல் இருக்குமா? எத்தனையோ வருஷம் காசிமேட்டில் ஐஸ் போட்டு மீன் விற்றவள். தெரிந்தே கேட்டிருக்கிறாள். கையை உருவிக்கொண்டு உள்ளே போய்ச் சுவர் பக்கம் திரும்பிப் படுத்துவிட்டாள்.

"தோண்ட வாணாம் பாய்" என்றாள் கார்குழலி. "நான் வேற வழி பாக்கறேன். ஒண்ணு கேக்கறேன். மெயில்ல வர்ற உங்க கடைப் பேரு, அது யார் பேர்ல பதிஞ்சிகீது?"

ஒவைஸ் யோசித்தார். "என் பேர்லதான். ஆரம்பத்துல உன் தம்பியோட சண்டையே போட்டேன். எல்லாத்தையும் நீயே வெச்சிக்கப்பா, எனக்கு இன்னா தெரியும்னேன். கேக்கல. 'உங்க பேரு உங்க கையில இருக்கணும் பாய், நாளைக்கு நானே ஏமாத்தினா?'ன்னு சொல்லி, என் போன்லயே அந்த நம்பர வரவெச்சி, என்னையே அமுக்க வெச்சான்."

எல்லாரிடமும் அவன் அப்படித்தான் செய்திருந்தான். மற்ற ஆட்கள் கடைப் பெயரைத் தங்கள் பிடியில் வைத்துக்கொள்வார்கள், வாடிக்கையாளர் விட்டுப் போகாமல் இருக்க. இவன் பிடித்து வைக்கவில்லை. கார்குழலிக்கு அந்தச் சண்டைகளெல்லாம் நினைவிருந்தன. கடைப் பெயர் அவரவர் கையில் இருந்தால், மெயிலை எந்த இடத்துக்கு வேண்டுமானாலும் திருப்பிக்கொள்ளலாம். பழைய மெயில்களை அவரவர் பாஸ்வேர்டைப் போட்டு அள்ளிக்கொண்டு வந்துவிடலாம். மும்பையில் கெஞ்ச வேண்டியதில்லை. வேண்டியது ஒரு நல்ல இடம் மட்டும்.

சாப்பாட்டு நேரத்தில் கம்பெனிப் படிக்கட்டில் உட்கார்ந்து அவள் ஒவ்வொரு இடமாகப் போன் போட்டாள். எத்தனை ஜிபி, என்ன விலை என்று அவர்கள் சொல்வதை எல்லாம் பொறுமையாகக் கேட்டுக்கொள்வாள். பிறகு ஒரே ஒரு கேள்வி கேட்பாள்.

"என் தம்பி செத்துட்டான் சார். கணக்குத் தொறக்கற போன அவனோட பொதைச்சிட்டோம். உங்ககிட்ட இது நடந்திருந்தா இன்னா பண்ணுவீங்க?"

ஒருவர் லைனை வைத்துவிட்டார். ஒருவர், குறையை வெப்சைட்டில் பதிவு செய்யுங்கள் என்றார். ஒரு பெண், "உங்கள் அழைப்புக்கு நன்றி, இன்றைய சலுகை..." என்று விட்ட இடத்திலிருந்து தொடங்கினாள். இந்தி தெரிந்த ஒருவர் இந்தியில் ஏதோ சமாதானம் சொன்னார். கார்குழலி ஒவ்வொன்றையும் திருப்பி அனுப்பினாள்.

கோயம்புத்தூரில் எடுத்தவள் பெயர் மோகனப்ரியா. கேள்வியைக் கேட்டதும் அந்தப் பக்கம் பேச்சு நின்றது. லைன் போய்விட்டது என்று கார்குழலி நினைத்தாள்.

"இருக்கேங்க அக்கா" என்றது குரல். "உங்க தம்பிக்கு என்ன வயசுங்க?"

சொன்னாள்.

"எங்ககிட்டன்னா, சாவுச் சான்றிதழும் நீங்க அக்காதான்னு ஒரு அத்தாட்சியும் பார்த்துட்டு நாங்களே தொறந்து விடுவோம். அதுக்கு நாலு நாளாவது ஆகும், பொய் சொல்ல மாட்டேன். அதைவிட, ஆரம்பத்துலயே ரெண்டு பேர் பேர்ல தொறக்கறது நல்லதுங்க. ஒருத்தர் நீங்க. உங்களுக்கு ஒண்ணுன்னா பாத்துக்க இன்னொருத்தர். யார் பேர் போடட்டுங்க?"

அந்த மாதிரி இடத்தில் எழுத அவளுக்கு ஒரே பெயர்தான் இருந்தது. பி.எஃப். தாளில், பாங்கில், எல்லாவற்றிலும் 'தம்பி, தீனதயாளன்'. வாய் வரைக்கும் வந்தது. விழுங்கிக்கொண்டாள்.

"நாளைக்கிச் சொல்றம்மா" என்றாள்.

மறுநாள் லியோனார்ட், "என் பேரைப் போடும்மா. அன்னிக்கு அடிச்ச மணிக்கு நான் இதாவது செய்யணும்" என்றார்.

மாற்றுகிற வேலை எளிதாக இல்லை. ஒவ்வொரு முதலாளியின் போனுக்கும் எண் வரும், அவரே பக்கத்தில் இருந்தாக வேண்டும். கார்குழலி கடை கடையாக ஏறி இறங்கினாள். காதில் மோகனப்ரியா சொல்லிக்கொண்டே வருவாள். கடைப் பையன் தட்டுவான். ஒவ்வொரு எழுத்தையும் இவள் விரல் வைத்துச் சரிபார்ப்பாள். "இன்னா தங்கச்சி, சட்டைக்குப் பட்டன் பாக்கற மாரி பாக்கற?" என்று ஒவைஸ் கேலி செய்தார். முடிந்ததும் புது இடத்திலிருந்து ஒரு மெயில் போடச் சொன்னபோது, அவள் கை தானாக 'வந்துச்சா?' என்று அடித்தது. ராயபுரத்திலிருந்து லியோனார்ட் 'வந்துச்சு' என்று போட்டார். நடுத்தெருவில் விட்டான் என்று சொன்ன இரும்புக் கடைக்காரர் கடைக்கும் போனாள். அந்தச் சொல்லைப் பற்றி அவள் ஒன்றும் கேட்கவில்லை. அவர் கடையிலும் மெயில் வந்தது. அவரே எழுந்து வந்து நாற்காலியை அவள் பக்கம் நகர்த்திப் போட்டார்.

மாசம் முடிவதற்குள் எல்லாரும் வந்துவிட்டார்கள், ஒருவனைத் தவிர.

தீனாவின் சொந்த முகவரியும் பழைய இடத்தில்தான் இருந்தது. அதன் பாஸ்வேர்டு அவனுக்கு மட்டும் தெரியும். தன் பெயரில் பதிந்ததைத் தன் போனிலேயே வைத்திருந்தான். வேறு யார் போனில் வைப்பான்? அவன் எழுதியது, அவனுக்கு வந்தது, எத்தனையோ வருஷத்தது, எல்லாம் அதில். மும்பைக்காரனிடம் சாவுச் சான்றிதழைக் காட்டி வாங்கலாமா என்று மோகனப்ரியாவும் முயன்று பார்த்தாள். "தேதி முடிஞ்சா அழிச்சிருவாங்க அக்கா. அதுக்குள்ள அவங்க பதில் சொல்ற மாதிரி தெரியலைங்க" என்றாள். குழிக்குள் இருக்கிற அந்தப் போனால்தான் அதைத் திறக்க முடியும். அன்று இரவு கார்குழலிக்கும் ஒரு கணம் மண்வெட்டி நினைவு வந்தது. அம்மாவின் முதுகைப் பார்த்தாள். அந்த நினைப்பை அப்படியே விட்டாள்.

கடைசி நாள் சாயங்காலம் தாயம்மா பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

"அல்லாருக்கும் போட்டியே, அவனுக்கு ஒண்ணு போட்டியாடி?"

கார்குழலி தம்பியின் முகவரியைத் தட்டினாள். 'தீனா, வந்துச்சா?' என்று எழுதி அனுப்பினாள். திரும்பி வரவில்லை. அந்தப் பெட்டி இன்னும் இருந்தது.

"போய்ச் சேந்துச்சா?"

"சேந்துச்சும்மா."

தாயம்மா அன்று ரொம்ப நாளைக்குப் பிறகு ஒரு தட்டுச் சோறு முழுக்கச் சாப்பிட்டாள்.

ஒரு வாரம் போயிற்று. மாதப் பிறப்பு கழிந்துவிட்டது. கடைகளில் மெயில் ஒழுங்காகப் போய் வந்தது. "உன் தம்பி இருந்தப்ப மாரியே கீது தங்கச்சி" என்று ஒவைஸ் போன் செய்து சொன்னார். தாயம்மா அதைக் கேட்டுக்கொண்டிருந்தாள். போன் வைத்ததும் மகளின் முழங்காலைத் தொட்டாள்.

"இதையும் அவன்கிட்ட சொல்லுடி. அல்லாருக்கும் நல்லபடியா வருதுன்னு ஒண்ணு போடு."

கார்குழலி போட்டாள். 'தீனா, எல்லாருக்கும் வருது.' அனுப்பிவிட்டுத் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். மூச்சு விடுவதற்குள் அது திரும்பி வந்துவிட்டது. அப்படி ஒரு முகவரி இல்லை என்று ஆங்கிலத்தில் இரண்டு வரி. அவள் முழுக்கப் படித்தாள். எழுத்தில் தப்பு இருக்குமோ என்று அவன் பெயரை ஒவ்வொரு எழுத்தாக விரல் வைத்துச் சரிபார்த்தாள். தப்பு இல்லை.

"சேந்துச்சாடி?" என்றாள் அம்மா.

கார்குழலி போனைக் கவிழ்த்து மடியில் வைத்துக்கொண்டாள்.

"சேந்துச்சும்மா" என்றாள்.